100 எம்பிபிஎஸ் இணைப்பிலும் மாடியில் படம் நின்று நின்று ஓடுகிறது: குறை எந்த இடத்தில்?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என்னுடைய தையற்கடை இருக்கிறது; மாடியில் குடியிருக்கிறோம். உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. கடைக்கென்று வாங்கியதால் ரூட்டர் கீழேயே, கடையின் உட்சுவரில் மாட்டப்பட்டுள்ளது. பகலில் ஒரு குறையும் தெரிவதில்லை. இரவு எட்டரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு மாடிக்கு வந்து, மாமியாரும் பிள்ளைகளும் நானுமாகத் தொலைக்காட்சியில் ஒரு படத்தைப் போட்டால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்சி உறைந்து, நடுவில் வட்டம் சுழலத் தொடங்கிவிடுகிறது.

கைப்பேசியில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் 94 காட்டுகிறது. நிறுவனத்துக்கு அழைத்துச் சொன்னபோது, தங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகவும், வேண்டுமானால் 200 பிளானுக்கு மாறிக்கொள்ளலாம் என்றும் பதில் வந்தது. கூடுதல் பணம் கட்டுவதற்கு முன்னால், இந்த 100 என்பது எதைக் குறிக்கிறது, ஒரு படத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும், அது எங்கே தொலைகிறது என்பதைப் புரிந்துகொள்ள விரும்புகிறேன். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மலைக்கோட்டை:

திருச்சியில் எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது, அம்மா. 50லிருந்து 200க்கு மாறினோம். மாறிய நாள் முதல் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. யோசிக்காமல் பிளானை உயர்த்துங்கள் என்பதே என் கருத்து.

எண்சுவடி:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இணைப்பின் வேகம் பிட்டுகளில் சொல்லப்படுகிறது; எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று பொருள். நாம் பதிவிறக்கும் கோப்பின் அளவோ பைட்டுகளில் காட்டப்படுகிறது. எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட்டு. ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்க வழியில்லை. 'நூறு என்றார்கள், பன்னிரண்டுதான் வருகிறது' என்று பலர் ஏமாற்றமடைவது இந்த இரண்டு அலகுகளையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான்.

இனி படத்தின் தேவை. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் பயனர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு, 1080பி எனும் முழு எச்டி தரத்துக்கு 5 எம்பிபிஎஸ், அதைவிடத் துல்லியமான 4கே தரத்துக்கு 15 எம்பிபிஎஸ். யூடியூப் 4கே தரத்துக்கு 20 என்கிறது. அப்படியானால் உங்கள் 100 எம்பிபிஎஸ் இணைப்பு, கணக்கின்படி, ஒரே நேரத்தில் ஐந்து தொலைக்காட்சிகளுக்கு 4கே தரத்தில் படம் கொடுக்கப் போதுமானது. உங்கள் வீட்டில் ஓடுவது ஒன்று. ஐந்துக்குப் போதுமானது ஒன்றுக்குப் போதவில்லை என்றால், அதை இரட்டிப்பாக்குவதால் என்ன பயன்? இருக்கும் 100 தொலைக்காட்சி வரை போய்ச் சேரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒப்பீட்டுக்காக ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் ஓர் இணைப்பை 'பிராட்பேண்ட்' என்று அழைக்க வேண்டிய குறைந்தபட்சப் பதிவிறக்க வேகம் நெடுங்காலம் 512 கேபிபிஎஸ் (ஏறத்தாழ அரை எம்பிபிஎஸ்) ஆக இருந்து, 2023 ஜனவரியில்தான் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தப்பட்டது. அந்த 2 எம்பிபிஎஸ் இணைப்பில் 1080பி படம் ஓடாது. எனவே பெயரை நம்பாமல் எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணையும் எந்த இடத்தில் எடுத்தது என்று பார்க்க வேண்டும்.

இழைப்பணி:

தூத்துக்குடி மாவட்டத்தில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் களப்பணியில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். எண்சுவடி அவர்கள் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டே கேட்கிறேன், அக்கா. அந்த 94 எங்கே நின்று எடுத்தது? ரூட்டருக்குப் பக்கத்தில், கடைக்குள் நின்று எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது கடையின் வேகம். மாடித் தொலைக்காட்சியின் வேகம் வேறு.

வீட்டுக்குள் வரும் இணைப்பை மூன்று துண்டுகளாகப் பாருங்கள். படத்தை அனுப்பும் சர்வரிலிருந்து எங்கள் போன்ற நிறுவனத்தின் அறை வரைக்கும் ஒரு துண்டு. அங்கிருந்து தெருவழியாக உங்கள் சுவர்ப் பெட்டி, அதாவது ரூட்டர், வரை வரும் கண்ணாடி இழை இரண்டாவது துண்டு. பெட்டியிலிருந்து தொலைக்காட்சி வரை மூன்றாவது. நான் போய்ப் பார்க்கும் புகார்களில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது துண்டில்தான் முடிகின்றன. ஆனாலும் ஊகத்தில் சொல்லக் கூடாது, அளந்து பாருங்கள்.

ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் வழியாக நேராகப் பெட்டியில் செருகி, அதன் வைஃபையை அணைத்துவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு ஒருமுறையும் இரவு ஒன்பதரைக்கு ஒருமுறையும் அளவெடுங்கள். இரவில் அந்த எண் பாதியாகக் குறைந்தால் குறை எங்கள் போன்றோர் பக்கம். நீங்கள் உறுதியோடு சண்டையிடலாம். குறையாவிட்டால் குறை உங்கள் வீட்டுக்குள். அதே இரவில் தொலைக்காட்சியில் உள்ள பிரவுசரைத் திறந்து ஃபாஸ்ட்.காம் தளத்தில் ஓர் அளவு எடுங்கள்.

பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒளிச் சைகையின் வலிமை டிபிஎம் அலகில் இருக்கும். அதையும் குறித்து அனுப்புங்கள். கழித்தல் குறியோடு இருக்கும். 8க்கும் 27க்கும் இடையில் இருக்க வேண்டும். 27ஐ நெருங்கினால் சைகை மெலிந்துவிட்டது என்று பொருள். மூன்று டிபி குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கொள்ளலாம். மரச்சட்டத்துக்குள் இழையை மடக்கி ஆணி அடித்திருந்தால்கூட இப்படி ஆகும்.

மலைக்கோட்டை அவர்களிடம் ஒரு கேள்வி: பிளான் மாறியபோது பெட்டியையும் மாற்றினார்களா?

மலைக்கோட்டை:

ஆம். பழையதை எடுத்துக்கொண்டு, 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசையும் உள்ள புதிய பெட்டியை வைத்தார்கள். கூடத்தின் நடுவில் மாட்டினார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இழைப்பணி:

உங்கள் படத்தை ஓடவைத்தது அந்தப் பெட்டியும் அது மாட்டப்பட்ட இடமும்தான் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய 50 எம்பிபிஎஸ் பிளானிலேயே அது ஓடியிருக்கும்.

பொருநைக்கரை:

இழைப்பணி அவர்கள் சொன்னபடி, பக்கத்து வீட்டுத் தம்பியின் மடிக்கணினியை வாங்கி அளவெடுத்தேன். லேன் கேபிளில் பிற்பகல் 93; இரவு ஒன்பதரைக்கு 91. கடையில் எடுத்த 94 ரூட்டருக்கு அருகில் நின்று எடுத்ததுதான். மாடித் தொலைக்காட்சியில் ஃபாஸ்ட்.காம் முதலில் 11 என்றது, இரண்டு நிமிடம் கழித்து 6, பிறகு 9. ஒளிச் சைகை கழித்தல் 21.4 டிபிஎம். பெட்டி துணிச்சுருள்கள் அடுக்கிய இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு மேல் கான்கிரீட் கூரை, அதற்கு மேல் எங்கள் கூடம். தொலைக்காட்சியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே இருக்கிறது.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். 1080பி படத்துக்கு 5 போதும் என்றால், 6 முதல் 11 வரை வரும்போது படம் ஏன் நிற்க வேண்டும்?

வலைநெறி:

மிகச் சரியான கேள்வி. வலையமைப்புப் பொறியாளராக இருப்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

நாம் பார்க்கும் படம் குழாயில் வரும் தண்ணீரைப் போல இடைவிடாமல் வருவதில்லை. சில நொடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக நறுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் நான்கைந்து தரங்களில் சர்வரில் தயாராக வைக்கப்பட்டிருக்கிறது. ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறையும், 2012இல் உலகத் தரமாக வெளிவந்த டாஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. தொலைக்காட்சியில் உள்ள செயலி, முந்தைய துண்டு எவ்வளவு விரைவாக வந்தது என்பதை வைத்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று முடிவுசெய்கிறது. வந்த துண்டுகளைச் சில பத்து நொடிகளுக்குச் சேமித்து வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சேமிப்புதான் பஃபர். நெல் வரத்து நின்ற நாளிலும் குதிரில் இருப்பதை எடுத்துச் சமைப்பது போன்றது இது. குதிர் காலியானால்தான் வட்டம் சுழலும்.

இப்போது உங்கள் எண்களை இதில் பொருத்திப் பார்ப்போம். நான்கு நொடித் துண்டு ஒன்று 4கே தரத்தில், நொடிக்கு 16 மெகாபிட் வீதம், 64 மெகாபிட் இருக்கும். வைஃபை ஒரு கணம் நன்றாக இருந்ததைப் பார்த்துச் செயலி அந்தத் துண்டைக் கேட்டுவிட்டது. உடனே வேகம் 8க்கு இறங்கிவிட்டது என்றால், அந்த ஒரு துண்டு வந்து சேர எட்டு நொடிகள் ஆகும். நான்கு நொடிப் படத்துக்கு எட்டு நொடி செலவானதால் குதிரிலிருந்து நான்கு நொடி கரைந்துவிட்டது. இப்படி அடுத்தடுத்துச் சில துண்டுகள் அமைந்தால், செயலி தரத்தைக் குறைக்க முடிவெடுப்பதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும். அதே 8 எம்பிபிஎஸ் ஏற்ற இறக்கமின்றி நிலையாக வந்திருந்தால், 1080பி தரத்தின் 20 மெகாபிட் துண்டு இரண்டரை நொடியில் வந்திருக்கும், படமும் நின்றிருக்காது. ஆகவே உங்கள் தொலைக்காட்சியின் சராசரியைவிட, 11, 6, 9 என்று மாறிக்கொண்டே இருப்பதுதான் நோயைக் காட்டுகிறது.

ஏன் மாறுகிறது என்பதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே போதுமான காரணம். அதில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். கடைத்தெருவில் இருக்கிறீர்கள், இருபக்கமும் எதிரிலும் உள்ள அத்தனை ரூட்டர்களும் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு சேனலில் ஒரு கணத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் வீட்டில் இருப்பதால் காத்திருப்பும் கூடுகிறது. புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் அலை எழுப்புகின்றன. இதற்கு மேல் உங்கள் சைகை இரும்பு பீரோவையும் கம்பி வைத்த கான்கிரீட்டையும் கடக்க வேண்டியிருக்கிறது. பிளானை 200 ஆக்கினாலும் 1000 ஆக்கினாலும் அந்தக் கூரை அதேதான்.

ஸ்பீடு டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. வழக்கமான சோதனைகள் அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுக்கும். அது பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். ஊருக்குள் உள்ள சாலை நன்றாக இருக்கிறது என்பதை அது சொல்லும். நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்லாது. 2016இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய ஃபாஸ்ட்.காம், படத்தை அனுப்பும் அதே சர்வர்களிலிருந்தே அளப்பதால், இழைப்பணி அவர்கள் அதைச் சொன்னது பொருத்தம்.

என் பரிந்துரை: முடிந்தால் மாடிக்கு ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். ரிப்பீட்டர் வாங்க வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர், கிடைக்கும் வேகத்தைப் பாதியாக்கிவிடும்.

நொய்யல்:

இடையில் கேட்பதற்குப் பொறுத்தருள வேண்டும். கோயம்புத்தூரில் நான் கேபிளில்தான் தொலைக்காட்சியை இணைத்திருக்கிறேன். படங்கள் தங்குதடையின்றி ஓடுகின்றன. கிரிக்கெட் நேரலை மட்டும் முக்கியமான ஓவரில் நிற்கிறது. இதற்கும் என் இணைப்புதான் காரணமா?

வலைநெறி:

இணைப்பாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. முன்பே எடுத்து முடித்த படத்தில் அடுத்த ஒரு நிமிடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். நேரலையில் இன்னும் வீசப்படாத பந்தை எப்படி இறக்க முடியும்? பக்கத்து வீட்டில் ஆரவாரம் எழுந்த பிறகு நமக்கு விக்கெட் தெரியக் கூடாது என்பதால், சேமிப்பை அவர்கள் மிகவும் சிறிதாக வைக்கிறார்கள். குதிர் சிறிதானால் ஒரு சிறு தடங்கலும் வெளியே தெரிந்துவிடும். இன்னொரு பக்கம், 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாதில் நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 5.9 கோடி. அத்தனை பேர் ஒரே நொடியில் ஒரே துண்டைக் கேட்கும்போது வழியில் எந்தக் கண்ணி வேண்டுமானாலும் திணறலாம். தரத்தைத் 'தானாக' என்பதில் விடாமல், 1080பி-க்குக் கீழான 720பி என்று நிறுத்திவைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

இழைப்பணி:

எங்கள் தொழிலைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்துப் பல வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள், அதனால்தான் இரவில் வேகம் போகிறது என்று வாடிக்கையாளர்கள் சொல்வதுண்டு. பிரிப்பது உண்மை. சிறு கேபிள் இயக்குநர்கள் பலர் வைத்திருக்கும் இபான் என்ற இழைப் பகிர்வு முறையில் ஓர் இழைக்கு 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ். ஜிபான் என்ற இன்னொரு முறையில் கீழ்நோக்கி ஏறத்தாழ 2.5 ஜிபிபிஎஸ். அதை 32 வீடுகள் பகிர்வதாக வைத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் 20 எம்பிபிஎஸ் தேவைப்படும் 4கே படம் ஓடினாலும் மொத்தம் 640தான். இழை தாங்கும். இரவில் நெரிசல் வருவது, நிறுவனம் மேலிடத்திலிருந்து மொத்தமாக வாங்கும் இணையக் கொள்ளளவைச் சிக்கனமாக வாங்கும்போதுதான். அக்காவின் இரவு எண் 91 என்பதால் அவருடைய நிறுவனம் அதில் தவறு செய்யவில்லை.

பொருநைக்கரை:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். எலெக்ட்ரீஷியனை அழைத்து, படிக்கட்டுச் சுவரோரமாகத் தனிக் குழாயில் லேன் கேபிள் போட்டோம். தொலைக்காட்சியில் இப்போது 92 வருகிறது. நீங்கள் எல்லோரும் சொன்னது உண்மையாயிற்று. ஐந்து இரவுகள் படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஆனால் ஆறாவது, ஏழாவது இரவுகளில், ஒன்பது மணியிலிருந்து ஏறக்குறைய அரை மணி நேரம், பழையபடி நின்றது. பிறகு தானாகச் சரியானது. கேபிளிலும் இப்படி ஆகுமா?

வலைநெறி:

ஆகும், ஆனால் காரணம் வேறாக இருக்க வேண்டும். அடுத்த முறை நிற்கும்போது ஃபாஸ்ட்.காமில் கூடுதல் விவரங்களைத் திறந்து, தாமதம் (ஒரு தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம்) எத்தனை மில்லிநொடி என்று பாருங்கள். பதிவேற்ற வேகத்தையும் பாருங்கள்.

பொருநைக்கரை:

நேற்றிரவு பார்த்தேன். மற்ற நேரங்களில் 18 மில்லிநொடி இருக்கும் தாமதம் 640 என்று காட்டியது. பதிவேற்றம் 1க்கும் கீழே. பிளான் தாளை எடுத்துப் படித்தபோது, பதிவிறக்கம் 100, பதிவேற்றம் 20 என்று அடியில் சிறு எழுத்தில் இருப்பதைக் கண்டேன்.

வலைநெறி:

அந்த 20ஐ அந்த நேரத்தில் வேறு ஏதோ ஒன்று முழுவதுமாக எடுத்துக்கொள்கிறது. கீழே இறங்கும் படத்துக்கு மேலே ஏறும் பாதை ஏன் தேவை என்று தோன்றலாம். தரவு சிறு பொதிகளாக வருகிறது; வந்த ஒவ்வொரு பொதிக்கும் 'பெற்றுக்கொண்டேன்' என்ற சிறு ரசீது மேலே போனால்தான் சர்வர் அடுத்ததை அனுப்பும். மேலே போகும் பாதை அடைபட்டால் ரசீது வரிசையில் நிற்கிறது, சர்வர் காத்திருக்கிறது, 100 எம்பிபிஎஸ் பாதை வெறுமையாகக் கிடக்கிறது. ரூட்டர் எதையும் கைவிட மனமில்லாமல் வரிசையை நீட்டிக்கொண்டே போவதால்தான் 18 மில்லிநொடி 640 ஆகிறது. ஜிம் கெட்டிஸ் என்ற மென்பொருள் வல்லுநர் 2010-11இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு 'பஃபர்புளோட்' என்ற பெயரில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 2012இல் வலையமைப்பு ஆய்வாளர்களான கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். பொதி வரிசையில் காத்திருக்கும் நேரம் எல்லை மீறினால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவரை மெதுவாகச் செல்லச் சொல்வதே அதன் வழி.

கடையில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா? கைப்பேசிப் படங்கள் தானாகவே மேகச் சேமிப்புக்குப் போகின்றனவா?

பொருநைக்கரை:

இரண்டும் உண்டு. இப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்குகிறது. பண்டிகை நெருங்குவதால் இரண்டு மூன்று நாட்களாகத் தைத்து முடித்த ரவிக்கைகளை வாடிக்கையாளர்களுக்குக் காட்டப் படமும் காணொளியும் நிறைய எடுத்தேன். கைப்பேசி சார்ஜில் இருக்கும்போது மட்டுமே படங்களை மேலே அனுப்பும்படி பிள்ளைகள் அமைத்திருக்கிறார்கள். கடையை அடைத்து, சமையலை முடித்துவிட்டு நான் கைப்பேசியைச் சார்ஜில் போடும் நேரம் ஒன்பது மணி.

இழைப்பணி:

அக்கா, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'பேண்ட்விட்த் கன்ட்ரோல்' என்றோ 'கியூஓஎஸ்' என்றோ ஒரு பகுதி இருக்கும். அதில் பதிவேற்றத்துக்கு 18 என்று வரம்பு வையுங்கள். பிளானின் எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்தால் நீண்ட வரிசை உருவாகாது. கைப்பேசிக்கு மட்டும் 10 என்று தனி வரம்பு வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கேமராவை எந்நேரமும் அனுப்பும் நிலையில் விடாமல், அசைவு தெரிந்தால் மட்டும் அனுப்பும் நிலையில் வையுங்கள்.

எண்சுவடி:

தொலைக்காட்சி இப்போது 92 பெறுவதால் செயலி இனி எப்போதும் 4கே தரத்தையே கேட்கும். 15 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி, 1080பி தரமானால் 2.25 ஜிபி. உங்கள் பிளானில் மாத வரம்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பைத் தாண்டியபின் வேகத்தை மிகவும் குறைத்துவிடும் பிளான்களில், மாதக் கடைசியில் மட்டும் படம் நிற்கத் தொடங்கும். அதை வேறு குறையென்று எண்ணித் தேட நேரிடும்.

பொருநைக்கரை:

மாத வரம்பு 3300 ஜிபி. நாங்கள் பார்ப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். நாள் தவறாமல் 4கே பார்த்தாலும் 405 ஜிபிதான் ஆகிறது. கவலையில்லை.

பதிவேற்றத்துக்கு 18 என்றும் கைப்பேசிக்கு 10 என்றும் வரம்பு வைத்தாயிற்று. நேற்று ஒன்பது மணிக்கு வேண்டுமென்றே இரண்டு கைப்பேசிகளையும் சார்ஜில் போட்டு, படங்களை மேலே அனுப்பவிட்டு, தொலைக்காட்சியில் 4கே படத்தை ஓடவிட்டோம். தாமதம் 35 மில்லிநொடிக்கு மேல் போகவில்லை. மாமியார் இடைவேளை வரை எழுந்திருக்கவே இல்லை.

நிறுவனத்தை மீண்டும் அழைத்து, 200 பிளான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நன்றி சொல்ல வார்த்தை போதாது. ஒன்றே ஒன்று மீதமிருக்கிறது: கழித்தல் 21.4 என்ற அந்த எண்ணை இனியும் கவனிக்க வேண்டுமா?

இழைப்பணி:

கவனியுங்கள். இன்றைய தேதியோடு அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் கம்பத்து இணைப்புப் பெட்டிகளுக்குள் தண்ணீர் இறங்கும், எலி கடிக்கும், மரக்கிளை விழுந்து இழை மடங்கும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 25ஐத் தாண்டினால், படம் நிற்கும் வரை காத்திராமல் அந்த இரண்டு எண்களையும் சொல்லிப் புகார் கொடுங்கள். எண்ணோடு வரும் புகாருக்கு எங்கள் ஆட்கள் ஏணியை எடுத்துக்கொண்டே புறப்படுவார்கள்.